வேகத்தடைக்கு மனு எழுதியவள் சொல்வது

எங்கள் பள்ளி வாசலில் இருக்கும் வேகத்தடை நான் எழுதிய மனுவால் வந்தது. பென்னாகரம் வட்டாரத்தில், தருமபுரிக்குப் போகும் ஒரு கிளைச்சாலையின் ஓரத்தில் இருக்கிறது பள்ளி. வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் சாலையைக் கடந்து கடைக்கு ஓடுவார்கள். எவ்வளவு கண்டித்தாலும் ஓடுவார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதக் கடைசியில், மாங்காய்க் கூடைகளை ஏற்றிக்கொண்டு வந்த சரக்கு ஆட்டோ ஒன்று நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைத் தூக்கி எறிந்தது. பிள்ளை பிழைத்தாள். தொடை எலும்பில் கம்பி வைத்து, மூன்று மாதம் கழித்துத்தான் வகுப்புக்கு வந்தாள். அவள் இடம் காலியாக இருந்த அந்த மூன்று மாதமும், சாலையில் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கையிலிருந்த சாக்குக்கட்டி நின்றுவிடும்.

அந்த வாரமே மனு எழுதினேன். பெற்றோர் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுத்தேன். கிராம சபையிலும் தீர்மானம் போட்டோம். சில மாதங்களில் வேகத்தடை வந்தது. சாலை போட வந்த ஒப்பந்ததாரரின் ஆட்கள், மிச்சமிருந்த தார்க்கலவையைக் குறுக்கே கொட்டி, ஓர் இரவில் உருளை ஓட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளைக் கோடு இல்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை. ஆனாலும் காலையில் வண்டிகள் எங்கள் வாசலில் தவழ்ந்து போவதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அது சந்தோஷத்தில் வந்த அழுகை.

எங்கள் வேகத்தடையைப் பார்த்து அடுத்த ஊர் கேட்டது. அதற்கடுத்த ஊரும் கேட்டது. கோயில் வாசலில் ஒன்று, ரேஷன் கடைக்கு ஒன்று, கொஞ்சம் செல்வாக்கு உள்ளவர் வீட்டு முன் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்குள் பிரதான சாலையைத் தொடும் இடம் வரை பதினேழு வேகத்தடைகள் முளைத்துவிட்டன.

பதினேழு என்ற கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும்.

அம்மா மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தது ஒரு மழைநாள் சாயங்காலம். இடுப்பை அசைக்க முடியவில்லை. 108-ஐ அழைத்தோம், வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, கால் அசையாமல் இருபுறமும் அணை கொடுத்துக் கட்டினார் மருத்துவ உதவியாளர். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிட ஓட்டத்தில் வண்டி வேகம் குறைந்தது. முன் சக்கரம் ஏறி இறங்கியது, பிறகு பின் சக்கரம். அம்மா என் விரல்களை நெரித்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "இது உன் பள்ளிக்கூடம்தானே?"

படுத்த நிலையில், ஜன்னல் தெரியாத வண்டிக்குள், வலியை வைத்தே இடத்தை அடையாளம் கண்டாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் விரல் நெரிபட்டது. அப்படித்தான் பதினேழு எண்ணினேன்.

அன்று வண்டியை ஓட்டியவர் வேறொருவர். என் சின்னம்மா மகன் ராஜாவும் 108-இல்தான் வேலை செய்கிறான். அங்கே ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்வார்கள். அம்மாவைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்தவனிடம் பதினேழு கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "அக்கா, பெரியம்மாவுக்கு எலும்பு. அதனால் வலியோடு போயிற்று. நெஞ்சு நின்றுபோன ஆளை ஏற்றிக்கொண்டு வரும்போது உள்ளே என் கூட்டாளி முட்டி போட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார். வண்டி குதித்தால் கை விலகும். நான் மெதுவாக ஏற்றினால் நேரம் போகும், வேகமாக ஏற்றினால் அழுத்தம் விட்டுப்போகும். நீங்கள் மனு எழுதும்போது எங்களை ஒருவரும் கேட்பதில்லை."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கடைசி வாக்கியம். உண்மையில் நான் கேட்கவில்லை. பிள்ளைக்கு அடிபட்ட அன்று அவளை ஏற்றிச் சென்றதும் 108 வண்டிதான். அப்படியிருந்தும், மனு எழுதும்போது அந்த வண்டி இதே சாலையில் வர வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் கணக்கும் அறிவியலும் நடத்துகிறவள். வலிக்கு என்னால் கணக்குப் போட முடியாது, நேரத்துக்குப் போட முடியும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி 10 கிலோமீட்டருக்கு இறங்க வேண்டும், ஏறி இறங்கி மறுபடி 50-க்கு வர வேண்டும். பிரேக்கில் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் வீதம் குறைவதாகவும், ஆளும் கருவியும் ஏற்றிய வண்டி விநாடிக்கு 1 மீட்டர் வீதம்தான் வேகமெடுப்பதாகவும் வைத்துக்கொண்டால், ஒரு வேகத்தடைக்கு ஏழு விநாடி போகிறது. பதினேழுக்கு 119 விநாடி, கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்.

கரும்பலகைக் கணக்கு நிஜச் சாலையில் நிற்குமா என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் தீயணைப்பு வண்டிகளையே ஓட்டிப் பார்த்து 1996-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். சக்கரம் ஓடும் வாக்கில் 14 அடி நீளமுள்ள வேகத்தடை ஒன்று, வண்டியையும் அது வரும் வேகத்தையும் பொறுத்து 1 விநாடி முதல் 9.4 விநாடி வரை தாமதப்படுத்தியிருக்கிறது. என் ஏழு விநாடி அதற்குள் அடங்கியது. அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய செய்தி வேறு. மேல்பகுதி தட்டையாக, 22 அடி நீளத்துக்கு இழுத்துக் கட்டிய மேடுகளில் சில வண்டிகளுக்குத் தாமதமே ஏற்படவில்லை. ஆக, மேடு இருப்பதைவிட மேட்டின் வடிவம்தான் முக்கியம்.

இரண்டு நிமிடம் பெரிதா என்று கேட்பவர்களுக்கு: இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தமும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வரையறையைச் சேர்த்தார்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியிருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. மருத்துவமனை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபின் கிடைக்க வேண்டியவை ஓரளவு கிடைக்கின்றன. அந்த வாசல்வரையிலான வழியைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

ஆனால் என் மனுவை நான் திரும்பப் பெறமாட்டேன். இதையும் கணக்காகவே சொல்கிறேன். 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்து, கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே எங்கள் வகுப்பறையைப் போல இரண்டு மடங்கு தூரம் கடந்துவிடும். நிற்க ஏறக்குறைய 37 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டரில் வந்தால் 13 மீட்டர் போதும். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 60-இல் விழும் அடி 30-இல் விழும் அடியைப் போல நான்கு மடங்கு. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர் போகும் விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துபோயிருக்கும். அடியே படாமல் தடுப்பதைவிட வேகமான ஆம்புலன்ஸ் ஒன்று கிடையாது.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரோடு எங்கள் வேகத்தடையை அளக்கப் போனேன். ஊராட்சித் தூய்மைப் பணியாளர் அண்ணன் சிவப்புத் துணியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். கொத்தனாரிடம் கடன் வாங்கிய ரசமட்டம், ஒரு நூல், ஓர் அளவுகோல். உயரம் 19 சென்டிமீட்டர். அகலம், அதாவது சக்கரம் ஓடும் வாக்கில், ஒன்றரை மீட்டர்.

இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதலில் இருக்கும் அளவு என்ன தெரியுமா? 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சின்ன வில் அது. மணிக்கு 25 கிலோமீட்டரில் உடம்பு குலுங்காமல் கடக்கலாம். கனரக வண்டிகள் அதிகம் ஓடும் இடமென்றால் இருபுறமும் ஒன்றரை மீட்டருக்கு மெல்லிய சரிவு சேர்க்கச் சொல்கிறது. கறுப்பு வெள்ளைப் பட்டை பூச வேண்டும், 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். அந்த வழிகாட்டுதல் முதலில் வந்தது 1988-இல். எங்கள் பள்ளியின் தெற்குக் கட்டடத்தைவிட வயதில் மூத்தது!

எங்களுடையது அந்த அளவில் பாதி அகலம்கூட இல்லை, உயரமோ ஏறக்குறைய இரட்டிப்பு. வேகத்தடை என்ற பெயரில் சாலையின் குறுக்கே ஒரு சுவர் படுத்திருக்கிறது. பால் கேன் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வந்த ஒருவர் அதில் தடுக்கி விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டார். பட்டை பூசாததால் இருட்டில் தெரியவில்லை. பிள்ளைகளைக் காக்க வைத்த மேடு இன்னொரு வீட்டுச் சம்பாத்தியத்தை ஆறு மாதம் படுக்க வைத்தது.

மறுநாள் கரும்பலகைக்குத் திரும்பினேன். சரியான வடிவில் கட்டி, வண்டி 10-க்குப் பதில் 25 கிலோமீட்டருக்கு மட்டும் இறங்கினால் இழப்பு இரண்டரை விநாடியைச் சற்றே தாண்டும். பதினேழையும் அப்படியே வைத்திருந்தாலும் 119 விநாடி 45 விநாடிக்கு வந்துவிடும். பதினேழில் நிஜமாகவே ஆள் கடக்கும் இடங்கள் எத்தனை? பிள்ளைகளோடு சாலை நெடுக நடந்து குறித்தோம். இரண்டு பள்ளி, ஓர் அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் நிறுத்தச் சந்திப்பு, கோயில் வளைவு. ஆறு. அந்த ஆறும் சரியான அளவில் இருந்தால் மொத்த இழப்பு 16 விநாடி. இரண்டு நிமிடம் எங்கே, 16 விநாடி எங்கே! பிள்ளைக்கும் நோயாளிக்கும் நடுவே நான் மனத்துக்குள் நடத்திக்கொண்டிருந்த பஞ்சாயத்தில் முக்கால்வாசி, மோசமாகக் கட்டிய மேடு மூட்டிவிட்ட சண்டை.

மீதிக் கால்வாசி நிஜமானது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. 16 விநாடியும் ஒருவருக்கு இழப்புதான். அதைத் தெரிந்தே, பிள்ளைகளுக்காக நான் கேட்கிறேன். ஆனால் கேட்கும்போது எவ்வளவு கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். மேட்டை முழுக்கக் கட்டாமல், நடுவில் இடைவெளி விட்டுத் திண்டு திண்டாக வைப்பார்கள். காரின் சக்கரங்கள் நெருக்கமானவை, ஒன்றாவது ஏறித்தான் ஆக வேண்டும். தீயணைப்பு வண்டியின் அச்சு அகலமானது, திண்டுக்கு இருபுறமும் காலை அகட்டிப் போய்விடும். படித்தவுடன் துள்ளி எழுந்து ராஜாவை அழைத்தேன். அவன் ஒரே கேள்வி கேட்டான்: "அந்த இடைவெளியில் பைக் எங்கே போகும்?" உண்மை. எங்கள் சாலையில் ஓடுவதில் பெரும்பங்கு இருசக்கர வண்டிகள். இடைவெளி கண்ட இடத்தில் மூவர் ஏறிய பைக் வேகம் குறையாமல் நுழைந்துவிடும், பிள்ளையை அடிக்கப்போவதும் பெரும்பாலும் அதுதான். மேலும் எங்கள் ஆம்புலன்ஸ்கள் வேன் உடம்பு கொண்டவை, தீயணைப்பு வண்டியின் அகலம் அவற்றுக்குக் கிடையாது. ஆகவே பள்ளி வாசலுக்கு எனக்குப் பிடித்தது, மேல்பகுதி தட்டையாக நீண்ட நடைமேடை. பிள்ளைகள் அதன் மேலேயே கடப்பார்கள், வண்டியின் முன் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே சமயம் மேலே நிற்கும், உள்ளே படுத்திருப்பவருக்கு ஒரே மெல்லிய ஏற்றம், ஒரே மெல்லிய இறக்கம்.

வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஆம்புலன்ஸுக்குப் பகை என்று நினைப்பவர்களைத் தொப்பூர் கணவாய்க்கு அழைக்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் அந்தச் சரிவில், டீசலை மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் விட்டு உருளும் லாரிகளின் பிரேக் சூடேறிச் செயலிழக்கும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி உயிர்கள் போயின. அப்படி ஒரு மோதல் நடந்தால் சாலையே அடைபடும். காயம்பட்டவரை எடுக்க வரும் வண்டியும் வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும், அதே நேரத்தில் சேலத்துக்குப் போகும் வேறொரு நோயாளியும் சேர்ந்து நிற்க வேண்டும். அங்கே லாரியின் வேகத்தைக் குறைப்பதுதான் ஆம்புலன்ஸின் வேகத்தைக் கூட்டுகிறது.

நான்குவழிச் சாலையின் நடுத்தடுப்புக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஊருக்கு ஊர் திறந்து கிடந்த இடைவெளிகளை அடைத்தது சரியான காரியம். குறுக்கே புகுந்த பைக்குகளால் எத்தனை சாவுகள். ஆனால் எதிர்ப்பக்கம் விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் அடுத்த திருப்பம் வரை ஓடித் திரும்ப வேண்டும். இதற்கும் விடை உண்டு. நெருக்கடியில் மட்டும் கழற்றித் திறக்கக்கூடிய தடுப்பைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்று வைக்கலாம். வைத்துவிட்டு, அதைத் திறக்கும் வழியைப் பைலட்டுகளுக்குக் காட்டியும் கொடுக்க வேண்டும்.

விநாடிகளைப் பற்றி நான் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் ராஜா இடைமறித்தான். "அக்கா, நீ விநாடிகளைச் சாலையில் தேடுகிறாய். எங்களுக்கு நிமிடங்கள் தெருவில் போகின்றன." ஒவ்வொன்றாகச் சொன்னான். அழைப்பவர் பதற்றத்தில் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி வைத்துவிடுவார். அதே பெயரில் பக்கத்திலேயே இரண்டு கொட்டாய், அதாவது சிறு குடியிருப்பு, இருக்கும். தெருமுனையில் டிராக்டர் டிப்பர் நிற்கும். வீடு கட்டுகிறவர் ஜல்லியைப் பாதித் தெருவுக்குக் கொட்டி வைத்திருப்பார். கல்யாணத்துக்கு முழுத்தெருவையும் அடைத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். சந்தை நாளில் பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். "சாலை முனையில் ஓர் ஆள் டார்ச் லைட்டோடு நின்றால் போதும், எனக்கு மூன்று நிமிடம் மிச்சம்" என்றான். அம்மா விழுந்த அன்று என் கணவர் அப்படி நின்றார் என்பது நினைவுக்கு வந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, இருட்டில் மனிதருக்கு இயல்பாகத் தோன்றியது.

சாலையே இல்லாத ஊர்களும் எங்கள் வட்டாரத்தில் உண்டு. தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிச் சென்ற கோட்டூர் மலையைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட மலைகளில் கர்ப்பிணியைத் தூளி கட்டித்தான் சுமந்து இறங்குவார்கள். வேகத்தடையின் உயரத்தை அளந்துகொண்டிருக்கும்போது அந்த மக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களுக்கு முதலில் சாலை வேண்டும். அது வரும்போது அளவோடு வரட்டும்.

கடந்த அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டாவது மனுவைத் தீர்மானமாக வைத்தேன். விடுமுறை நாளாக இருந்ததால் ராஜாவையும் அழைத்து வந்து உட்கார வைத்தேன். பதினேழில் பதினொன்றை எடுக்க வேண்டும், ஆறைச் சரியான அளவில் மறுபடி கட்ட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. எதிர்பார்த்தபடியே எதிர்ப்பு வந்தது. ஒரு பெரியவர் எழுந்து, "எங்கள் தெரு முன்னால் இருப்பதை எடுத்தால் என் பேரனுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, நானும் அதே கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன். ராஜா எழுந்து கைகூப்பினான். "தாத்தா, அந்த இடத்தில் சாலையோரச் சீமைக்கருவேலத்தை வெட்டினால் நூறு மீட்டருக்கு வண்டி தெரியும். பேரன் கடக்கும் இடம் அங்கன்வாடி வாசல், அங்கே மேடு இருக்கப்போகிறது. நானும் அந்த வழியாகத்தான் வண்டி ஓட்டுகிறேன். ஒருநாள் உங்களை ஏற்றிக்கொண்டும் ஓட்ட வேண்டி வரலாம்." பெரியவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கருவேலத்தை முதலில் வெட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். வெட்டுவது முதல் வேலை என்று தீர்மானத்தில் சேர்த்தோம். தீர்மானம் நிறைவேறியது. இனி இந்தச் சாலையில் வேகத்தடை கேட்கும் எந்த மனுவுக்கும் முன் பைலட்டிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரியையும் எழுத வைத்தேன்.

பொங்கலுக்குப் பிறகு எங்கள் பள்ளி வாசல் மேட்டை மட்டும் வெட்டியெடுத்து மறுபடி போட்டார்கள். கருவேலம் போய்விட்டது, அந்தத் தெருமுனை மேடு இன்னும் இருக்கிறது. அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறாள்; மாதப் பரிசோதனைக்கு ஆட்டோவில் போகும்போது எங்கள் பள்ளியைத் தாண்டியதும், "தாண்டியாச்சா?" என்று என்னைக் கேட்கிறாள்.

புது மேட்டை அளக்க மறுபடி நூலும் ரசமட்டமும் எடுத்துப் போனேன். நூலின் மறுமுனையைப் பிடித்தது, அன்று அடிபட்ட பிள்ளை. இப்போது எட்டாம் வகுப்பு, இடது காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பாள். மேட்டின் நடுவில் குந்தி, அளவுகோலைக் கண்ணுக்கு நேராக வைத்து, "பத்தரை சென்டிமீட்டர், டீச்சர்" என்றாள். அரை சென்டிமீட்டர் அதிகம். ஏட்டில் அப்படியே குறித்துக்கொண்டோம். அடுத்து இருப்பது சுகாதார நிலையத்து மேடு.